உதிரிபாகம் கையில் இருக்கிறது, அனுமதிதான் இல்லை

ஒரே நிறுவனம் தயாரித்த, ஒரே மாடலைச் சேர்ந்த இரண்டு புதிய போன்கள். இரண்டையும் பிரித்து, இதன் திரையை அதிலும் அதன் திரையை இதிலும் மாற்றிப் பொருத்தினால் என்ன ஆகும்? இரண்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த அசல் திரைகள், பொருத்தியவரும் கைதேர்ந்தவர். எதுவும் ஆகக் கூடாது. ஆனால் 2021-ல் ஐபோன் 13 வெளிவந்தபோது இதைச் செய்து பார்த்த பழுதுபார்ப்பவர்கள் கண்டது வேறு. திரை ஒளிர்ந்தது, தொட்டால் வேலையும் செய்தது. முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்கும் வசதி மட்டும் நின்றுபோனது. இத்தனைக்கும் முகத்தைப் படம்பிடிக்கும் கேமராவை யாரும் தொடவே இல்லை.

காரணம், திரையோடு சேர்ந்து வந்த ஒரு சின்னஞ்சிறு சிப். அந்தத் திரை எந்தப் போனோடு பிறந்தது என்பதற்கான அடையாளம் அதில் இருந்தது. திரையை மாற்றியும் அந்த வசதியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், பழைய திரையிலிருந்த சிப்பை எடுத்துப் புதிய திரையில் வைக்க வேண்டும். நுண்ணோக்கியின் கீழே திரையை வைத்து, சூடான காற்றை அளவாக ஊதி, சாலிடர் இளகும் கணத்தில் இடுக்கியால் சிப்பைத் தூக்கி, புதிய இடத்தின் புள்ளிகளோடு நேர்ப்படுத்தி, மறுபடியும் சூடாக்கி அமர்த்த வேண்டும். சூடு கொஞ்சம் கூடினால் திரை போய்விடும். ஸ்க்ரூடிரைவரும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலை, நுண்ணோக்கி வைத்திருப்பவரால் மட்டுமே முடிகிற வேலையாக மாறிப்போனது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆப்பிள் ஒரு மென்பொருள் அப்டேட் மூலம் இதைச் சரிசெய்துவிட்டது. ஓர் அப்டேட்டில் நீங்கிவிடுகிற தடை, பொறியியல் கட்டாயத்தால் வந்த தடையாக இருந்திருக்க முடியாது.

தொழில் வட்டாரத்தில் இதற்கு ‘பார்ட்ஸ் பேரிங்’ என்று பெயர். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, அதை ஒரு குறிப்பிட்ட கருவியோடு மென்பொருளால் ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஜோடி மாறினால் ‘அசல் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை’ என்ற எச்சரிக்கை வரும். அல்லது ஏதாவது ஒரு வசதி முடங்கும். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவல்கூட மறைந்துவிடலாம். மறுபடியும் ஜோடி சேர்க்க வேண்டுமானால் நிறுவனத்தின் சர்வர் ஒப்புதல் தர வேண்டும். பொருள் வாங்கியவருடையது, அதற்குள் எந்தப் பாகம் எதோடு சேரலாம் என்று முடிவெடுப்பவர் மட்டும் விற்றவர். பழுதுபார்க்கும் உரிமைக்காக நடக்கும் போராட்டம் இன்று வந்து நிற்கும் இடம் இதுதான்.

இந்த உரிமையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நிறுவனம் இலவசமாகப் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சொந்தமாகப் போனைப் பிரிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நிறுவனம் தன் சொந்த சர்வீஸ் சென்டர்களுக்கு எதையெல்லாம் தருகிறதோ, அவற்றை நியாயமான விலையில் உரிமையாளருக்கும் அவர் நம்பிக் கொடுக்கும் மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. உதிரிபாகம், பழுதுபார்ப்புக் கையேடு, மின்சுற்று வரைபடம், கோளாறைக் கண்டறியும் மென்பொருள், பாகத்தை மாற்றியபின் பூட்டை நீக்கும் வழி ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் கடைசியானது இல்லாவிட்டால் முன்னால் உள்ள நான்கும் பயன்படாமல் போய்விடும்.

ஒரு காலத்தில் இதைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பழைய ரேடியோக்களின் பெட்டிக்குள்ளேயே மின்சுற்று வரைபடத்தை ஒட்டி விற்றார்கள். தொடக்க கால ஆப்பிள் 2 கணினியின் கையேட்டில் அதன் மின்சுற்று வரைபடங்கள் அச்சாகியிருந்தன. இன்று மிக இறுக்கமாகப் பூட்டுகிற நிறுவனமே அன்று தன் கருவியின் உள்ளே இருப்பதையெல்லாம் காகிதத்தில் போட்டுக் கொடுத்தது. அதற்கும் முன்பு, 1956-ல், ஐபிஎம் நிறுவனத்தோடு அமெரிக்க அரசு ஒரு வழக்கில் செய்துகொண்ட உடன்பாடு, இயந்திரங்களை வாடகைக்கு மட்டும் விடாமல் விற்கவும் வேண்டும், வெளியாருக்கு உதிரிபாகங்களை நியாயமான விலையில் தரவும் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஆக, விற்பவர் பழுதுபார்ப்பையும் தன் கைக்குள் வைத்திருந்தால் சந்தை கெடும் என்பது கணினி பிறந்த காலத்திலேயே தெரிந்துபோன விஷயம்.

பிறகு கருவிகள் மெலியத் தொடங்கின. கழற்றி மாட்டும் பேட்டரி உள்ளே போனது. மூடியைப் பசையால் ஒட்டினார்கள். மடிக்கணினியில் தனியாகச் செருகும் நினைவகச் சிப்பை மதர்போர்டிலேயே சாலிடர் செய்தார்கள். சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கு மசியாத ஐந்து இதழ் ஸ்க்ரூக்கள் வந்தன. இவற்றில் சிலவற்றுக்கு நேர்மையான காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பசை தண்ணீரை உள்ளே விடாது. சாலிடர் செய்த நினைவகம் குறைந்த இடத்தில் வேகமாக இயங்கும். ஐந்து இதழ் ஸ்க்ரூவுக்கு அப்படி எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் இவையெல்லாம் கைத்திறமையால் தாண்டக்கூடிய தடைகள். பசையை இளக்கலாம், புது ஸ்க்ரூவுக்கு ஏற்ற முனையைச் செய்துகொள்ளலாம். சர்வரிலிருந்து வர வேண்டிய ஒப்புதலை எந்தக் கருவியால் வரவழைப்பது?

எல்லாப் பாகங்களையும்விடப் பேட்டரியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் திரை உடைவது விபத்து. பேட்டரி தளர்வது விதி. லித்தியம் அயான் பேட்டரியில் ஒவ்வொரு முறை மின்னேற்றும்போதும் லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு பயணத்திலும் கொஞ்சம் லித்தியம் பக்க வினைகளில் சிக்கி, மின்முனையின் மேல் ஒரு படலமாகப் படிந்து, திரும்பி வராமல் போகிறது. சில நூறு முழுச் சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவு கண்ணுக்குத் தெரியும்படி குறைகிறது, உள்மின்தடை கூடுகிறது. எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதாவது, இரண்டு மூன்று ஆண்டுகளில் தேய்ந்துபோவது உறுதி என்று தெரிந்த ஒரு பாகத்தை, அதைவிடப் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கருவிக்குள் வைத்து ஒட்டுகிறார்கள். ஒரு காரின் டயரைச் சக்கரத்தோடு பற்றவைத்து விற்பதைப் போன்றது இது.

இந்தத் தேய்மானத்தை மறைக்கும்போது என்ன நடக்கும் என்பதை 2017 காட்டியது. பழைய ஐபோன்கள் அப்டேட் செய்தபின் மந்தமாவதைப் பயனாளர்கள் கவனித்தார்கள். பேட்டரி தளர்ந்த போன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருப்பதற்காக வேகத்தைக் குறைத்ததாக அந்த ஆண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்ப ரீதியில் அந்த விளக்கம் பொய்யில்லை. தளர்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவையைத் தாங்க முடியாது. ஆனால் பயனாளரிடம் அதைச் சொல்லவில்லை. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்! பிறகு நிறுவனம் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. தகவலை மறைத்ததற்காக 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

நிறுவனங்கள் தரப்பில் வைக்கும் வாதங்களை ஒதுக்கிவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எது நிற்கிறது, எது விழுகிறது என்று தெரியும். முதலாவது, தகவல் பாதுகாப்பு. கைரேகை உணரியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால், திருடியவர் போலி உணரியைப் பொருத்திப் போனைத் திறக்க முயலலாம். இது நியாயமான கவலை. ஆனால் அதற்கு மருந்து அந்த உணரியை மட்டும் நம்பாமல் விட்டு, கடவு எண்ணைக் கேட்பது. 2016-ல் வெளிச்சத்துக்கு வந்த ‘எரர் 53’ விவகாரத்தில் நடந்தது வேறு. கைரேகை உணரி அமைந்த முகப்புப் பொத்தானை வெளியாரிடம் மாற்றியிருந்த ஐபோன்கள், மென்பொருளை அப்டேட் செய்ததும் மொத்தமாகச் செயலிழந்தன. உள்ளே இருந்த படங்களும் கைக்கு எட்டவில்லை. ஆப்பிள் பின்னர் மன்னிப்புக் கேட்டு, அந்தப் போன்களை மீட்கும் அப்டேட்டை வெளியிட்டது. வெளியாரிடம் பழுதுபார்த்த காரணத்துக்காகத் தீர்வு தர மறுத்ததற்கு ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-ல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கைரேகைக்குச் சொல்லும் பாதுகாப்புக் காரணத்தைப் பேட்டரிக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் நீட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, உடல் பாதுகாப்பு. லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும், உண்மை. ஒட்டிய பேட்டரியை உலோகப் பட்டையால் நெம்பும்போதுதான் அந்த ஆபத்து மிக அதிகம். எனவே இந்த வாதம் திரும்பி நிறுவனங்களையே கேள்வி கேட்கிறது: ஆபத்தைக் குறைக்க வேண்டுமென்றால் சரியான கையேட்டையும் நல்ல பேட்டரியையும் வெளியே தருவதா, மறைப்பதா? இழுத்தால் கழன்று வரும் ஒட்டுப்பட்டை, மின்சாரம் செலுத்தினால் விட்டுக்கொடுக்கும் பசை எல்லாம் இப்போது வந்துவிட்டன. வடிவமைப்பவர்கள் நினைத்தால் முடியும் என்பதற்கு அவையே சாட்சி. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இந்த வாதங்களையெல்லாம் கேட்டு ஆராய்ந்து, 2021 மே மாதம் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. பழுதுபார்ப்பைத் தடுக்க நிறுவனங்கள் சொல்லும் காரணங்களுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்பது அதன் முடிவு.

மூன்றாவது அறிவுசார் சொத்து. இங்கேதான் சிக்கல் மிக ஆழமானது, பலரும் பேசாமல் விட்டுவிடுவதும் இதைத்தான். 1998-ல் அமெரிக்கா கொண்டுவந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு, பதிப்புரிமை உள்ள படைப்பைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதைத் தடைசெய்கிறது. பாட்டையும் படத்தையும் திருடாமல் தடுக்க வந்த சட்டம். ஆனால் மென்பொருளும் பதிப்புரிமைக்கு உட்பட்டதுதான். எல்லாக் கருவியிலும் மென்பொருள் இருக்கிறது. ஆகவே டிராக்டரின் பூட்டைத் திறந்தாலும், போனின் பூட்டைத் திறந்தாலும் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வந்து நிற்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்கலாம். 2018-ல் போன்களையும் வீட்டுச் சாதனங்களையும் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டை உடைக்க விதிவிலக்குக் கிடைத்தது. 2021-ல் அது இன்னும் விரிந்தது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதிவிலக்கு, உடைக்கும் செயலுக்கு மட்டும்தான். உடைக்க உதவும் மென்பொருளை உருவாக்கி மற்றவருக்குக் கொடுப்பதும் விற்பதும் தடையாகவே நீடிக்கின்றன. பூட்டைத் திறக்க உங்களுக்கு உரிமை உண்டு, சாவியை யாரும் உங்களுக்குச் செய்துகொடுக்கக் கூடாது என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். சொந்தமாக நிரல் எழுதத் தெரிந்த சிலருக்குத் தவிர வேறு யாருக்கு இந்த உரிமையால் பயன்? கனடா 2024 நவம்பரில் தன் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பழுதுபார்ப்பதற்காகப் பூட்டை உடைப்பதை அனுமதித்தது. அங்கும் உடைக்கும் கருவியை விற்பது பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

மென்பொருள் பூட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் போலந்திலிருந்து ஓர் உதாரணம். வெளிப் பணிமனை ஒன்றில் பராமரிப்பு முடிந்த பயணிகள் ரயில்கள், எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் நகர மறுத்தன. பணிமனை அழைத்துவந்த கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் ரயிலின் மென்பொருளைப் பிரித்துப் பார்த்து, போட்டிப் பணிமனைகளின் இருப்பிடக் குறியீடுகள் அதில் எழுதப்பட்டிருந்ததாகவும், அந்த இடங்களில் ரயில் சில நாள் நின்றால் பூட்டிக்கொள்ளும்படி நிரல் இருந்ததாகவும் 2023-ல் வெளிப்படையாக அறிவித்தார்கள். தயாரித்த நிறுவனம் இதை முற்றிலும் மறுத்து, ஆய்வாளர்கள் மேல் வழக்குத் தொடுத்திருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், ஒரு ரயில் ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிக்க அதன் உரிமையாளர் கணினி வல்லுநர்களைத் தேட வேண்டிவந்தது என்பதே போதுமான எச்சரிக்கை.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. ‘இதைக் கிழித்தால் வாரண்டி ரத்து’ என்று ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டப்படி, வெளியாரின் பாகத்தையோ சேவையையோ பயன்படுத்திய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. 2018-ல் ஆறு நிறுவனங்களுக்கு இது குறித்து வர்த்தக ஆணையம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பியது. ஸ்டிக்கர் இன்னும் ஒட்டப்படுகிறது. பயமுறுத்த அது போதும் என்பதுதான் காரணம்.

சட்டங்கள் முதலில் கார்களிலிருந்து தொடங்கின. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில வாக்காளர்கள், கார் நிறுவனங்கள் பழுதுபார்ப்புத் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளியாருக்குத் தராத 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மின்னணுக் கருவிகளுக்கு அமெரிக்காவில் முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நியூயார்க். 2022 டிசம்பர் இறுதியில் ஆளுநர் கையெழுத்திட்டார். கையெழுத்துக்கு முன் நடந்த திருத்தங்கள்தான் வருத்தம் தருகின்றன. தனிப் பாகத்துக்குப் பதிலாகப் பல பாகங்கள் சேர்ந்த முழுத் தொகுதியாக விற்கலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டார்கள். சின்னப் பழுதுக்குப் பெரிய தொகுதியை வாங்கச் சொன்னால், வாடிக்கையாளர் புதுக் கருவியையே வாங்கிவிடுவார். மினசோட்டாவும் கலிபோர்னியாவும் 2023-ல் இன்னும் வலுவாக எழுதின. கலிபோர்னியாவில் 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகளுக்கு, உற்பத்தி நின்றபின் ஏழு ஆண்டுகள் பாகங்களும் கையேடும் கிடைக்க வேண்டும்.

திருப்புமுனை என்று நான் கருதுவது ஓரிகன் மாநிலச் சட்டம். 2024 மார்ச்சில் நிறைவேறிய அந்தச் சட்டம்தான் பார்ட்ஸ் பேரிங்கை நேருக்கு நேர் எதிர்கொண்டது. ஒரு பாகம் சரியாக இயங்குவதைத் தடுக்கவோ, கருவியின் செயல்திறனைக் குறைக்கவோ, தவறான எச்சரிக்கை காட்டவோ ஜோடி சேர்ப்பதைப் பயன்படுத்தக் கூடாது என்று அது சொல்கிறது. கூகுள் ஆதரித்தது, ஆப்பிள் எதிர்த்தது. 2025 ஜனவரிக்கு முன்பு விற்பனைக்கு வந்த கருவிகளுக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதால், அதன் பலன் மெல்லத்தான் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போகிறது. பழுதான பிறகு என்ன என்று கேட்பதோடு நிற்காமல், சந்தைக்கு வரும்போதே கருவி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கு விற்கும் போன்களின் பேட்டரி, 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும்; ஒரு மாடலின் விற்பனை நின்றபின் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும்; வரிசை எண்ணால் ஜோடி சேர்த்த பாகத்தை மாற்றத் தேவையான மென்பொருளை, தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்குப் பாகுபாடின்றித் தர வேண்டும். பெட்டியின் மேல் ஏ முதல் இ வரை பழுதுபார்ப்புத் தரம் அச்சிட்டிருக்கும். பிரான்ஸ் 2021-லேயே பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டது. புதுக் கருவி வாங்கும் எவரும், எங்கிருந்தாலும், அதே மாடலுக்கு இந்த நாடுகளில் என்ன தரம் கிடைத்திருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேமராவின் மெகாபிக்சலைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

இவ்வளவு ஏன் மெனக்கெட வேண்டும் என்பதற்கு, பணம் மட்டும் பதில் இல்லை. 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம் மட்டுமே என்கிறது ஐநா அமைப்புகளின் அறிக்கை. ஒரு போன் தன் வாழ்நாளில் வெளியேற்றும் கார்பனில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது. ஆகவே இருக்கும் போனை இன்னும் இரண்டு ஆண்டு ஓட வைப்பதற்கு ஈடாக எந்த மறுசுழற்சியும் நிற்காது.

சட்டங்கள் இன்னும் தொடாத இடம் ஒன்று உண்டு: பாகம் எதுவுமே பழுதாகாமல் கருவி சாவது. ரெவால்வ் என்று வீட்டுச் சாதனங்களை இணைத்து இயக்கும் ஒரு பெட்டி இருந்தது. அந்த நிறுவனத்தைக் கூகுளுக்குச் சொந்தமாக இருந்த நெஸ்ட் 2014-ல் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தினார்கள். அன்றோடு உலகிலிருந்த எல்லா ரெவால்வ் பெட்டிகளும் வெறும் பிளாஸ்டிக் ஆயின. ஒரு மெக்கானிக்கால் இதற்கு என்ன செய்ய முடியும்? சேவையை நிறுத்தும் நிறுவனம், பயனாளர் தன் சொந்தக் கணினியிலிருந்தே கருவியை இயக்கும்படி மென்பொருளைத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கை வலுத்துவருகிறது. பழுதுபார்க்கும் உரிமையின் அடுத்த கட்டம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு முன் தீர வேண்டியது விலை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஏற்ற பழுதுபார்ப்பு நெறிமுறையை உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்குவதற்கு விதித்த கெடு 2026 ஜூலை 31. வாரண்டிக் காலத்தில் மாற்றுப் பொருளுக்குப் பதில் பழுதுபார்ப்பைத் தேர்ந்தெடுத்தால் கூடுதலாக ஓராண்டு உத்தரவாதம். தகுந்த காரணம் இல்லாமல் பழுதுபார்ப்பைத் தடுக்கும் ஒப்பந்த விதியும் மென்பொருள் உத்தியும் கூடாது. உதிரிபாகத்தின் விலை நியாயமானதாக, பழுதுபார்ப்பை நாடுபவரைப் பின்வாங்க வைக்காததாக இருக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நியாயமான விலை எவ்வளவு என்று அந்த நெறிமுறை எண்ணால் சொல்லவில்லை. புதுப் போனின் விலையில் பாதிக்குத் திரை விற்றால் அது நியாயமா, கால்வாசிக்கு விற்றால் நியாயமா? அந்தக் கோட்டை ஐரோப்பிய நீதிமன்றங்களும் நுகர்வோர் அமைப்புகளும் வழக்குக்கு வழக்கு வரைந்தாக வேண்டும். கோடு எங்கே விழுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் கடைக்கு வரும் உடைந்த போன் மேசைக்குப் போகிறதா குப்பைக்குப் போகிறதா என்பது முடிவாகும்.